புளியாரை: அடையாளம் காண்பது முதல் அடுப்பில் ஏற்றுவது வரை

தண்ணீர்க் குழாயடியில், துணி துவைக்கிற கல்லின் ஓரத்தில், ரோஜாத் தொட்டிக்குள், சிமென்ட் தரையின் வெடிப்பில் என்று எங்கே கொஞ்சம் ஈரம் நிற்கிறதோ அங்கெல்லாம் மூன்று மூன்று இலையாகப் படர்ந்து, நடுவில் பொடிப்பொடியாக மஞ்சள் பூ விட்டிருக்குமே, அதுதான் புளியாரை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பறித்து மென்றவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், ஆனால் அதே செடியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கலாம் என்பது பல வீடுகளில் ஒரு தலைமுறையாகவே விட்டுப்போய்விட்டது. சந்தையில் அபூர்வமாகத்தான் கட்டாக வரும். அதனால் பறிக்கவும் ஆயவும் சமைக்கவும் நாமேதான் கற்றுக்கொள்ள வேண்டும். கஷ்டம் ஒன்றும் இல்லை, ஆனால் வரிசையாகச் செய்ய வேண்டும்.

மூன்று இலையைப் பார்த்ததும் சிலர் இதை க்ளோவர் என்று சொல்லிவிடுகிறார்கள். ஊட்டிப் பக்கம் புல்தரைகளில் வெள்ளைப் பூப்பந்தோடு நிற்கும் அசல் க்ளோவர் அவரைக் குடும்பத்துச் செடி. புளியாரை வேறு குடும்பம். தாவரவியலில் ஆக்சாலிஸ் கார்னிகுலேட்டா என்பார்கள். பிலிம்பிக்காயும் ஸ்டார் ஃப்ரூட்டும் இதற்கு நெருங்கிய சொந்தம். கடித்ததும் பல் கூசுகிற அந்தப் புளிப்புக்குக் காரணம் ஆக்சாலிக் அமிலம்.

சமைக்கத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள், பின்னால் சொல்லப்போகிற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. புளியாரையைக் கீரைக் கணக்கில் சேர்க்காதீர்கள், புளிக் கணக்கில் சேருங்கள். முருங்கைக்கீரையையோ அரைக்கீரையையோ தட்டு நிறையப் பொரியலாகச் சாப்பிடுகிற மாதிரி இதைச் சாப்பிட முடியாது, சாப்பிடவும் கூடாது. குழம்புக்கு எவ்வளவு புளி போடுகிறோம், எந்தப் பாத்திரத்தில் கரைக்கிறோம், பருப்பு வெந்த பிறகா முன்னாலா என்று நம் கைக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கு இருக்கிறது இல்லையா, அதையே இங்கேயும் போட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் செடியைத் தெரிந்துகொள்ளுங்கள்

தரையோடு தரையாக உட்கார்ந்து பாருங்கள், நின்றபடி பார்த்தால் இதெல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும். தண்டு நூல் தடிமன்தான், தரையில் ஊர்ந்து போய் கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும். கணுவிலிருந்து மெல்லிய காம்பு நிமிர்ந்து நிற்க, அதன் நுனியில் மூன்று சிற்றிலைகள் ஒரே புள்ளியில் சேரும். ஒவ்வொரு சிற்றிலையும் இதய வடிவம், மேல் விளிம்பில் நடுவில் தெளிவாக ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்திலிருந்து காம்பு வரைக்கும் ஒரு மடிப்புக் கோடு. சாயங்காலம் ஆனதும் இந்தக் கோட்டை ஒட்டி மடிந்து மூன்றும் கீழே தொங்கிவிடும், கடும் வெயிலிலும் அப்படித்தான், அதனால் மதியம் போய்ப் பார்த்துவிட்டு வாடிய செடி என்று விட்டுவிட வேண்டாம்.

பூ மஞ்சள், ஐந்து இதழ், உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் அதிகம். பூ உதிர்ந்ததும் வரும் காய்தான் எனக்கு மிகவும் நம்பகமான அடையாளம். குட்டி வெண்டைக்காய் போல விளிம்பு விளிம்பாக, நுனி கூராக, வானத்தைப் பார்த்து நேராக நிற்கும், மேலே மெல்லிய ரோமம் இருக்கும். முற்றிய காயை விரல்களுக்கு நடுவில் லேசாக அழுத்துங்கள்: பட்டென்று வெடித்து, சிவந்த பழுப்பு நிற விதைகள் உள்ளங்கையில் வந்து அடிக்கும். விதையைச் சுற்றியிருக்கும் வெண்மையான மெல்லிய உறை திடீரென்று உள்புறம் வெளிப்புறமாகப் புரள்வதால்தான் அந்த வேகம் கிடைக்கிறது. இலை, பூ, காய் மூன்றும் ஒரே செடியில் ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம். பூவும் காயும் இல்லாத செடியை, புதியவர் என்றால், இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பத்து நாளில் பூத்துவிடும்.

எல்லாம் ஒத்துப்போன பிறகு ஒரே ஒரு இலையைக் கழுவி நுனிப்பல்லில் கடித்துப் பாருங்கள். நாக்கின் ஓரங்களில் சுரீரென்று புளிப்பு ஏற வேண்டும். ருசியைக் கடைசிச் சோதனையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தெரியாத செடியை வாயில் வைத்துத்தான் கண்டுபிடிப்பேன் என்று கிளம்பக் கூடாது.

குழப்பக்கூடிய செடிகள்

சமவெளியில் அதிகம் குழப்புவது சிறுபுள்ளடி. அதுவும் தரையோடு படரும், அதற்கும் மூன்று இலை, நுனியில் லேசான பள்ளம்கூட உண்டு. ஆனால் பூ இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து அவரைப்பூ ஜாடையில் இருக்கும், காய் தட்டையாகக் கணுக்கணுவாக இருக்கும், இலையில் புளிப்பு துளியும் கிடையாது. விஷம் என்று பயப்பட வேண்டியதில்லை, குழம்பு புளிக்காது, அவ்வளவுதான். மலைப்பகுதிகளில் வெள்ளை க்ளோவர்: சிற்றிலை முட்டை வடிவம், நடுவில் பெரும்பாலும் வெளுத்த ஒரு வளைவுக் கோடு, இதய வடிவம் தரும் ஆழமான பள்ளம் இருக்காது, புளிக்காது.

மலையிலும் நர்சரிச் செடி வாங்கிவைக்கிற வீடுகளிலும் இன்னொன்று வரும், இளஞ்சிவப்புப் பூவும் புளியாரையைப்போல இரண்டு மூன்று மடங்கு பெரிய இலையும் கொண்டது, பிடுங்கினால் அடியில் சிறு கிழங்குகள் இருக்கும். அதுவும் ஆக்சாலிஸ் இனம்தான், அதுவும் புளிக்கும். இருந்தாலும் தொடக்கத்தில் மஞ்சள் பூவோடு நின்றுகொள்ளுங்கள். நம் ஊரில் காலங்காலமாகச் சமையலில் இருப்பது அதுதான்.

பெயரில் வரும் குழப்பம் தனி. கீரைக்காரரிடம் கேட்கும்போது வல்லாரையும் புளியாரையும் புளிச்சகீரையும் ஆரைக்கீரையும் ஒன்றோடொன்று இடம் மாறிவிடும். வல்லாரைக்கு ஒரே வட்ட இலை, அதனால் பிரச்சினை இல்லை. புளிச்சகீரை என்பது ஆந்திரத்தில் கோங்குரா என்கிறார்களே அது, ஆள் உயரம் வளரும். ஆரைக்கீரையைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஆரைக்கீரைக்கு நான்கு சிற்றிலைகள். வயல், வாய்க்கால், குளக்கரைச் சேற்றில் வளரும், பூவே பூக்காது, ஏனென்றால் அது ஒரு நீர்ப் பெரணி (ஃபெர்ன்). அடியில் அவரை விதை ஜாடையில் கறுத்த சிறு வித்துப்பைகள்தான் இருக்கும். நம் கிராமங்களில் ஆரையைப் பருப்போடு கூட்டு வைப்பார்கள், வங்காளத்தில் சுஷ்னி சாக் என்று நன்றாகத் தூக்கம் வர வேண்டும் என்பதற்காகவே சாப்பிடுவார்கள். நல்ல கீரைதான், ஆனால் வேகவைத்தே சாப்பிட வேண்டும். இதே பேரினத்தைச் சேர்ந்த நார்டூ என்ற ஆஸ்திரேலியச் செடியின் கதையை இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். 1861இல் பர்க், வில்ஸ் என்ற இரண்டு பயணிகள் கூப்பர் க்ரீக் ஓடைக்கரையில் உணவு தீர்ந்துபோய், அங்கே வாழ்ந்த யாண்ட்ருவாண்டா மக்கள் சாப்பிடுவதைப் பார்த்து நார்டூவின் வித்துப்பைகளை அரைத்துத் தின்றார்கள். வயிறு நிறைந்தது, உடம்போ நாளுக்கு நாள் தேய்ந்தது, இருவரும் அங்கேயே இறந்தார்கள். வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் தயமினேஸ் என்ற நொதி அந்தச் செடியில் உண்டு. அந்த மண்ணின் மக்கள் வறுத்தும், நீர் விட்டும் பக்குவப்படுத்தும் முறையை இவர்கள் சரியாகப் பின்பற்றாததுதான் காரணம் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அவர்களோடு இருந்த ஜான் கிங் என்பவர் மட்டும் அந்த மக்களோடு போய்ச் சேர்ந்து, அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டுப் பிழைத்தார். காட்டுச் செடியைச் சாப்பிட நினைக்கிறவர்கள் செடியை மட்டும் அல்ல, அதைப் பக்குவம் செய்கிற முறையையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

சரி, புளியாரைக்கு வருவோம்.

எங்கே பறிப்பது, எங்கே பறிக்கக் கூடாது

சமவெளியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து தை மாதம் வரை தாராளமாகக் கிடைக்கும். தென்னந்தோப்பு, வாழைத்தோட்டத்து வாய்க்கால் ஓரம், கிணற்றடி, வீட்டுப் பின்புறம், இதெல்லாம் நல்ல இடங்கள். நிழலில் வளர்ந்த செடியின் இலை பெரிதாகவும் மென்மையாகவும் இருக்கும். வெயிலில் நின்றது சிறுத்து, செம்மை ஏறி, நார் பட்டுப்போயிருக்கும். அதையும் சாப்பிடலாம், ஆய்வதற்குத்தான் பொறுமை வேண்டும்.

சாலையோரம் வேண்டாம், சாக்கடை ஓரம் வேண்டாம், நாய்கள் காலைத் தூக்குகிற சுவரடி வேண்டாம். பூங்காப் புல்தரை, அடுக்குமாடிக் குடியிருப்பின் அழகுச் செடிகளுக்கு நடுவே, தேயிலைத் தோட்ட ஓரம், இங்கெல்லாம் களைக்கொல்லி அடித்திருப்பார்கள். அடித்த பிறகும் பல நாள் செடி பச்சையாகவே நிற்கலாம், பார்த்தால் தெரியாது, அதனால் யார் பராமரிக்கிறார்களோ அவர்களிடம் கேட்டு உறுதி செய்யாமல் அங்கே கை வைக்காதீர்கள். வயல் வரப்பிலும் இதே கேள்விதான்.

இடத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. செடி நின்ற இடத்தில் விழுந்ததெல்லாம் இலை வழியே சாப்பிடுகிறவருக்கும் வந்துவிடும். புளியாரையை நம்பியே வாழும் ஒரு சின்ன நீலப் பட்டாம்பூச்சி ஜப்பானில் உண்டு, நம் நாட்டிலும் உண்டு. 2011இல் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்து நடந்த பிறகு, ஒகினாவாவில் இருக்கும் ரியூக்யூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த வட்டாரத்தில் பறித்த புளியாரை இலைகளை இந்தப் பட்டாம்பூச்சியின் புழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஊனமுற்றவையும் செத்தவையும் அதிகமாயின. 2012இல் வெளிவந்த ஆய்வு அது. நம் ஊரில் அணுக்கதிர் இல்லை, ஆனால் பெட்ரோல் புகையும் பூச்சிமருந்தும் இருக்கின்றன.

அந்தப் புழுவைப் பற்றி இன்னொரு விஷயம்: இலையின் அடியில் இலை நிறத்திலேயே பொடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். புழு இருந்தால் அந்த இடத்தில் மருந்து அடிக்கவில்லை என்பதற்கு ஓரளவு நல்ல அறிகுறி. புழு இருக்கும் கொத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்துக் கொத்தில் பறித்துக்கொள்ளுங்கள், செடிக்கு ஒன்றும் பஞ்சமில்லை.

பறிப்பதும் ஆய்வதும்

காலையில் பனி காய்ந்த பிறகு பறியுங்கள். வேரோடு பிடுங்கினால் மண்ணும் கூடவே வரும், அதைக் கழுவி மாளாது. ஒரு கையால் கொத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நகத்தாலோ கத்தரிக்கோலாலோ இலையும் இளங்காம்புமாக மேல்பகுதியை மட்டும் கிள்ளி எடுங்கள். தரையில் ஓடும் தண்டு அப்படியே இருந்தால் இரண்டு வாரத்தில் மறுபடி தழைத்துவிடும். பூவும் பச்சைக் காயும் சேர்ந்து வந்தால் பரவாயில்லை, அவையும் புளிப்புத்தான். கம்பிபோல் முற்றிய தண்டை மட்டும் தள்ளிவிடுங்கள், எவ்வளவு வேகவைத்தாலும் வாயில் நிரடும்.

நான்கு பேர் வீட்டுக்கு இரண்டு கைப்பிடி போதும். பறிக்கும்போது ரொம்பக் கொஞ்சமாகத் தெரிகிறதே என்று மேலும் மேலும் பறிக்கத் தோன்றும், வேண்டாம்.

அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் எடுத்து, அதில் இலையைப் போட்டு அலசி, ஐந்து நிமிடம் விட்டால் மண் அடியில் தங்கிவிடும். தண்ணீரைச் சாய்க்காமல் இலையை மேலாக அள்ளி இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். சாய்த்து ஊற்றினால் தங்கிய மண் திரும்ப இலைமேலேயே வந்து உட்காரும். அடியில் மண் நிற்காத வரைக்கும் இப்படியே, மூன்று நான்கு தடவை ஆகலாம். தரையோடு வளரும் கீரை என்பதால் மழை தெறித்த சேறு இலையின் அடிப்பக்கம்தான் இருக்கும். கடைசி அலசலில் கொஞ்சம் உப்போ மஞ்சளோ போட்டுக்கொள்ளுங்கள். புதியவர்கள் பச்சையாகச் சாலட்டில் தூவுவதை விட்டு, வதக்கியோ வேகவைத்தோ சாப்பிடுவதே நல்லது.

பாத்திரம்

மண்சட்டி, எவர்சில்வர், பீங்கான். இவை மூன்றில் ஒன்று. பித்தளை, செம்பு, அலுமினியம் வேண்டவே வேண்டாம். ஏன் என்று நீங்களே பார்க்கலாம்: கறுத்துப்போன ஒரு பித்தளைக் குத்துவிளக்கை எடுத்து, கசக்கிய புளியாரையை அதன்மேல் வைத்துத் தேயுங்கள். இலைச்சாறு அழுக்குப் பச்சையாக மாறி வழியும், துடைத்துவிட்டுப் பார்த்தால் தேய்த்த இடம் மட்டும் மஞ்சளாகப் பளபளக்கும். முன்பு கிராமத்தில் பூஜைப் பாத்திரங்களைப் புளி இல்லாத நாளில் இதைவைத்துத்தான் துலக்கினார்கள். விளக்கிலிருந்து போன அந்த அடுக்கு எங்கே போனது? சாற்றில் கலந்துவிட்டது. குழம்பிலும் அதுதான் நடக்கும். இரும்புச் சட்டியில் சமைத்தால் ஆபத்து இல்லாவிட்டாலும் கறுத்து, ருசி கெடும்.

முதல் சமையல்: துவையல்

தொடங்குகிறவர்கள் துவையலில் தொடங்குங்கள். புளிப்பு கூடினாலும் குறைந்தாலும் கடைசி நிமிடத்தில் சரிசெய்ய முடிவது இதில்தான்.

சட்டியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் காயவைத்து, இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பைப் பொன்னிறமாக வறுத்து, நான்கைந்து காய்ந்த மிளகாய், கொஞ்சம் பெருங்காயம் போட்டுத் தனியே எடுத்துவையுங்கள். அதே சட்டியில் நான்கு பல் பூண்டை வதக்கி, பிறகு இரண்டு கைப்பிடி இலையைப் போடுங்கள். போட்ட அரை நிமிடத்திலேயே பச்சை போய் காக்கி நிறத்துக்கு மாறிவிடும், இலை சுருங்கி இரண்டு கரண்டிதான் மிஞ்சும். கருகிவிட்டதோ என்று பதற வேண்டாம்: புளிப்பில் சூடு பட்டால் இலையின் பச்சை நிறமி அப்படித்தான் மாறும், எந்த வித்தையும் அதைத் தடுக்காது, ருசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஈரம் வற்றும் வரை வதக்கி, ஆறவிட்டு, மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், உப்பு சேர்த்து, முதலில் வறுத்ததையும் போட்டுக் கெட்டியாக அரையுங்கள். அம்மி இருந்தால் அம்மி. மிக்ஸி என்றால் விட்டுவிட்டு ஓட்டி, உளுத்தம்பருப்பு நறநறவென்று கொஞ்சம் தெரியும்படி நிறுத்துங்கள்.

புளி போடக் கூடாது. கை தானாகப் புளிப் பாட்டிலைத் தேடிப் போகும், கவனம். அரைத்த பிறகு ருசி பார்த்து, புளிப்பு தூக்கலாக இருந்தால் தேங்காயைக் கூட்டுங்கள், அல்லது சுண்டைக்காய் அளவு வெல்லம் சேருங்கள். தண்ணீர் விட்டுக் குறைக்க நினைத்தால் துவையல் சட்னியாகிவிடும், புளிப்பு அப்படியே இருக்கும். சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடலாம். தயிர்ச்சோற்றுக்கும் கம்பங்கூழுக்கும் தொட்டுக்கொண்டால் இன்னும் பிரமாதம்.

அடுத்தது: பருப்புக் கடையல்

இங்கே ஒரே ஒரு விதிதான் முக்கியம். பருப்பு முழுதாக வெந்து மலர்ந்த பிறகுதான் இலையைப் போட வேண்டும். புளிப்பு இருக்கும் நீரில் பருப்பு வேகாது, கல்லு கல்லாக நிற்கும். சாம்பாருக்குப் பருப்பு வெந்தபின் புளி கரைத்து ஊற்றுவதும் இதே காரணத்துக்காகத்தான். குக்கரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு விசில் விடுகிற பழக்கம் உள்ளவர்கள் இங்கே மட்டும் அதை விட்டுவிட வேண்டும்.

முக்கால் டம்ளர் துவரம்பருப்போ பாசிப்பருப்போ மஞ்சள்தூள் போட்டுக் குழைய வேகவையுங்கள். எவர்சில்வர் சட்டியில் பத்து சின்ன வெங்காயம், பூண்டு, மூன்று பச்சை மிளகாயை வதக்கி, இரண்டு கைப்பிடி இலையைச் சேர்த்துச் சுருண்டதும் பருப்பை ஊற்றி நான்கு நிமிடம் கொதிக்கவிட்டு, உப்பு போட்டு மத்தால் கடையுங்கள். தக்காளி வேண்டாம், இரண்டு புளிப்பும் சேர்ந்தால் இலையின் ருசி தெரியாமல் போகும். கடுகு, சீரகம், கறிவேப்பிலை, நெய்யில் தாளிப்பு. நெய்யில் தாளிப்பது என் விருப்பம், எண்ணெயிலும் நன்றாகவே இருக்கும்.

மோர்

எனக்கு இதுதான் புளியாரையின் சிறந்த சமையல். கேரளத்தில் புளியாரல் என்று சொல்லி, வயிறு சரியில்லாத நாட்களில் இந்த இலையை அரைத்து மோரில் காய்ச்சிக் கொடுப்பது வீட்டு வழக்கம். ஆயுர்வேதத்தில் இதே இலைச்சாற்றையும் தயிரையும் நெய்யில் சேர்த்துக் காய்ச்சுகிற சாங்கேரி கிருதம் என்று ஒரு மருந்தும் உண்டு. இலையோடு மோரும் தயிரும் சேர்வதில் பொருள் இருக்கிறது: பாலில் உள்ள கால்சியம் இலையின் ஆக்சலேட்டை (ஆக்சாலிக் அமிலத்தின் உப்பு வடிவம்) பிடித்துக்கொள்கிறது, குடலிலேயே அது கரையாத உப்பாகிக் கழிந்துவிடுவதால் ரத்தத்துக்குப் போவது குறைகிறது.

ஒரு கைப்பிடி இலை, அரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு பச்சை மிளகாய், இரண்டு மேசைக்கரண்டி தேங்காய், இவற்றை விழுதாக அரையுங்கள். விழுதைக் கால் டம்ளர் தண்ணீரில் மஞ்சள்தூளும் உப்பும் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து, இரண்டு டம்ளர் கெட்டி மோரை ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். மோர் புளிக்காத மோராக இருக்கட்டும், அன்று கடைந்தது என்றால் நல்லது. புளித்த மோர்தான் மோர்க்குழம்புக்கு என்பது சரிதான், ஆனால் இங்கே புளிப்பைத் தருவது இலை. தேங்காய் எண்ணெயில் கடுகு, நாலு வெந்தயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள்.

வயிற்றுப்போக்கு கடுமையாக இருந்தால், அல்லது குழந்தைகளுக்கு என்றால், மோரை நம்பி உட்காராமல் டாக்டரிடம் போங்கள்.

ரசம் வைப்பது இதைவிட எளிது. புளி கரைக்கிற இடத்தில், கொதிக்கும் தண்ணீரில் ஒரு கைப்பிடி இலையைப் போட்டு மசித்து வடிகட்டினால் போதும், மற்றதெல்லாம் வழக்கமான ரசம். அசாமில் இதை தெங்கேசி என்பார்கள், ஆற்று மீனோடு டெங்கா என்ற புளிப்புக் குழம்பில் போடுவார்கள், மசாலா மிகக் குறைவு. மீன் சமைக்கிற வீடுகளில் அதைச் செய்து பாருங்கள்: மீனையும் வெங்காயத்தையும் வைத்து இளம் குழம்பாகக் கொதிக்கவிட்டு, இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன் இலையைப் போட்டால் சரி. வங்காளத்தில் ஆம்ருல் சாக், சட்னியாக.

யார் சாப்பிடக் கூடாது, எவ்வளவு சாப்பிடலாம்

சிறுநீரகக் கல் ஒருமுறையாவது வந்தவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். கல்லில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கல், புளியாரை அந்த ஆக்சலேட்டைத்தான் நேரடியாகக் கொடுக்கிறது. யூரிக் அமிலப் பிரச்சினை, மூட்டுவாதம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர்களுக்கு வாரம் ஒருமுறை, சொன்ன அளவில், சமைத்தது, கூடவே மோரோ தயிரோ. இவ்வளவுதான். வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டால் ஆக்சலேட் குறையுமே என்று கேட்பார்கள். குறையும், ஆனால் புளிப்பும் அதோடு போய்விடும், பிறகு எதற்காக இந்த இலை? அதனால்தான் அளவைக் குறைப்பதே வழி என்கிறேன்.

முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் ஒரு உருண்டைத் துவையலோடு நிறுத்தி, மறுநாள் வயிறு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம், சாறு பிழிந்து குடிக்காதீர்கள். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பச்சிலைச் சாறு என்று இப்போது எல்லாக் கீரைக்கும் ஒரு வீடியோ வந்துவிடுகிறது. இதே குடும்பத்து பிலிம்பிக்காயைக் கேரளத்தில் இரும்பன்புளி என்பார்கள், மீன் குழம்பில் இரண்டு மூன்று காய் போடுவது அங்கே சாதாரணம், யாருக்கும் எதுவும் ஆனதில்லை. கொழுப்பு குறையும் என்று யாரோ சொல்ல, அதையே செறிவான சாறாகக் குடித்தவர்கள் திடீர் சிறுநீரகச் செயலிழப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அப்படி வந்த பத்துப் பேரைப் பற்றிய மருத்துவக் கட்டுரை 2013இல் வெளியானது, சிலருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. காய் அதேதான், குழம்புக்குப் போனபோது உணவு, டம்ளருக்குப் போனபோது ஆபத்து. குழம்புக்குக் கரைக்கிற புளியை யாரும் டம்ளரில் ஊற்றிக் குடிப்பதில்லை, புளியாரையையும் அப்படியே வையுங்கள்.

தொட்டியில் வளர்ப்பது

நகரத்தில் சுத்தமான இடம் தேடி அலைய முடியாதவர்களுக்கு இதுதான் தீர்வு. வேர்விட்ட தண்டு ஒரு சாண் இருந்தால் போதும். அகலமான, ஆழம் குறைந்த தொட்டியில் மண்ணும் மட்கிய எருவும் போட்டு, தண்டைக் கிடத்தி, கணுக்கள் மண்ணைத் தொடும்படி லேசாக அழுத்திவிடுங்கள். காலை வெயில் படுகிற, மதியம் நிழல் விழுகிற ஜன்னலோரம் பொருத்தமாக இருக்கும். தினமும் கொஞ்சம் தண்ணீர், உரம் எதுவும் தேவையில்லை. மாதத்துக்குள் கிள்ள ஆரம்பிக்கலாம், ஐந்தாறு தொட்டி இருந்தால் வாரத்துக்கு ஒரு துவையலுக்குத் தாராளம்.

காய் முற்றும் முன் கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் விதை தெறித்துப் பக்கத்துத் தொட்டி எல்லாவற்றிலும் முளைத்துவிடும். முதலில் எங்கிருந்து தண்டு எடுத்து வந்தீர்களோ அந்த இடம் சந்தேகமாக இருந்தால், பழைய இலைகளை எல்லாம் கிள்ளி எறிந்துவிட்டு, புதிதாகத் தழைத்ததை மட்டும் சமையலுக்கு எடுங்கள். கோடையில் செடி செத்ததுபோல் காய்ந்து கிடந்தாலும் தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டாம், நிழலுக்கு மாற்றி ஈரம் காட்டிக்கொண்டிருந்தால் முதல் மழைக்குத் துளிர்த்துவிடும்.